வள்ளுவர் 18 வருஷம், புல்லட் 22 நாள்

வாட்ஸ்அப் குழு: அல்சூர் குடும்பம் (பெங்களூர்)
சனிக்கிழமை காலை

5:08 நான்: யாராவது முழிச்சிருக்கீங்களா? வண்டி ஸ்டார்ட் ஆகல

5:09 ராஜா சித்தப்பா: நான் 4 மணிக்கே எழுந்தாச்சு. என்ன ஆச்சு

5:10 நான்: சாவி போட்டா மீட்டர்ல லைட் மங்கலா வருது. பட்டனை அமுக்கினா டிக் டிக் டிக். அவ்ளோதான்

5:10 ராஜா சித்தப்பா: கடைசியா எப்ப எடுத்தே

5:11 நான்: ஹைதராபாத் கிளம்பறதுக்கு முந்தின நாள். 22 நாள் ஆச்சு. கவர் போட்டு பேஸ்மென்ட்லதான் நிக்குது

5:13 ராஜா சித்தப்பா: அல்சூர் ஏரிக்கரையில சிலையா இருக்கற நம்ம வள்ளுவர் 1991-லேர்ந்து 2009 வரைக்கும் 18 வருஷம் மூடியே கிடந்தார். துணியை எடுத்ததும் கம்பீரமா நின்னாரா இல்லையா? உன் வண்டி 22 நாள் தாங்கலையா

5:13 நான்: சித்தப்பா ப்ளீஸ். நந்தி மலையில சூரிய உதயம் காட்டறேன்னு திவ்யாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்

5:14 திவ்யா: இதுவரைக்கும் பேஸ்மென்ட் ட்யூப்லைட்தான் காட்டியிருக்கார். ஹெல்மெட் போட்டு 20 நிமிஷமா நிக்கறேன்

5:16 அம்மா: இந்நேரத்துக்கு எங்கடா போறீங்க. பனி கொட்டுது. காதுல மஃப்ளர் கட்டினியா

5:19 திருவொற்றியூர் மாமா: குட் மார்னிங் 🌹 கார்த்தி பதறாதே. புல்லட்டுக்கு ஒரு முறை இருக்கு. இன்ஜின் அழுத்தத்தை விடற டிகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அமுக்கு. ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்க நிறுத்து. டிகம்ப்ரஸரை விடு. கிக்கரை மேல கொண்டுவந்து ஒரே உதை

5:20 நான்: மாமா இதுல ஆம்ப் மீட்டர் இல்ல

5:20 திருவொற்றியூர் மாமா: சரி, முள் இல்லேன்னா கால்லயே தெரியும். இறுக்கமா வர்ற இடத்துல

5:21 நான்: டிகம்ப்ரஸரும் இல்ல மாமா. கிக்கரும் இல்ல

5:25 திருவொற்றியூர் மாமா: கிக்கர் இல்லாத புல்லட்டா?

5:25 நான்: இது புல்லட் இல்ல மாமா, கிளாசிக் 350. 2021-ல வந்த மாடல்லேர்ந்து கிக்கரை எடுத்துட்டாங்க. செல்ஃப் மட்டும்தான்

5:27 திருவொற்றியூர் மாமா: எங்க ஊர் ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி கேட்டைத் தாண்டின எல்லாம் எங்களுக்கு புல்லட்தான்டா. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக்காரனோட சேர்ந்ததுலேர்ந்து இந்த ஊர்ல அந்த சத்தம். உங்க தாத்தா ஷிஃப்ட் விடறதை வச்சுத்தான் உலை வைப்பாங்க

5:28 அம்மா: அண்ணா இப்ப தாத்தா கதை வேணாம். பிள்ளை வண்டியைத் தள்ளிட்டு நிக்கறான்

5:28 நான்: தள்ளியும் பார்த்தாச்சு. ரெண்டாவது கியர்ல போட்டு வாட்ச்மேனும் நானும் பேஸ்மென்ட்ல மூணு ரவுண்டு. 195 கிலோ. அவர் தூண்ல சாஞ்சு மூச்சு வாங்கிட்டு "பேட்டரி ஹோய்த்து சார்"னு சொல்லிட்டார்

5:30 ராஜா சித்தப்பா: தள்ளாதே. பழைய வண்டின்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் தானா இறங்கும், தள்ளினா பிடிச்சுக்கும். உன்னோடது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் வரணும்னாலே பம்ப்புக்குக் கரன்ட் வேணும். பேட்டரி செத்துப்போனா மைசூர் வரைக்கும் தள்ளினாலும் இடுப்புதான் போகும்

5:31 ராஜா சித்தப்பா: பார்க்கத்தான் தாத்தா மாதிரி இருக்கு. உள்ள பூரா பேரன்

5:31 கவிதா அக்கா: 😂😂 கோயம்புத்தூர்லேர்ந்து நானும் முழிச்சுட்டேன். தொடருங்க

5:32 ராஜா சித்தப்பா: வர்றேன் இரு. பத்து நிமிஷம்

5:33 திவ்யா: சின்ன மாமா உங்க பழைய யெஸ்டி பைக்லேர்ந்து ஒயர் போட்டு இதை ஸ்டார்ட் பண்ண முடியாதா

5:34 ராஜா சித்தப்பா: கூடாதும்மா. என்னோடது 6 வோல்ட், இது 12 வோல்ட். ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் போயிடும். கார் பேட்டரி 12 வோல்ட். உங்க ஃப்ளாட்ல யாராவது கார்காரரை எழுப்பு. ஜம்பர் கேபிள் என்கிட்ட இருக்கு

5:35 நான்: மேல் மாடி அங்கிள் வாக்கிங் கிளம்பி வர்றார். கேக்கறேன்

5:47 கவிதா அக்கா: யெஸ்டி சத்தம் கேட்டுச்சா இல்லையா? சொல்லுங்கப்பா

5:48 திவ்யா: கேட்டுச்சு. புகையும் வந்துச்சு. பேஸ்மென்ட் முழுக்க ஆயில் வாசனை. வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடிச்சார்

5:49 திவ்யா: அவர் நகர்த்தி நிறுத்தறேன்னு யெஸ்டியில ஏறி, கியர் எங்கன்னு தேடிட்டிருக்கார்

5:50 திருவொற்றியூர் மாமா: அதுல கிக்கர்தான் கியர். உள்ள தள்ளி முன்னால திருப்பினா அதே ராடு கியர் லீவர் ஆயிடும். தெரியாதவன் அந்த வண்டியைத் திருடவே முடியாது. என் பழைய புல்லட்டும் தெரியாதவனுக்கு ஆகாது. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். என் மச்சினன் ஒருத்தன் பிரேக்னு நினைச்சு கியரை மிதிச்சு நேரா இளநீர்க் கடைக்குள்ள போனான்

5:51 அம்மா: எந்த மச்சினன்

5:51 திருவொற்றியூர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

5:52 கவிதா அக்கா: எங்க அப்பாதானே? எனக்குத் தெரியும் 😂

6:04 நான்: ஸ்டார்ட் ஆயிடுச்சு!!!!

6:04 நான்: 🎤 குரல் செய்தி 0:12

6:05 திருவொற்றியூர் மாமா: ஆஹா. டுக் டுக் டுக். பரவாயில்ல, பேரனுக்கும் தாத்தா குரல் கொஞ்சம் இருக்கு. பழசுல போர், அதாவது சிலிண்டர் அகலம் 70, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற நீளம் 90. இதுல போர் 72, ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. நீள ஸ்ட்ரோக் இருந்தாத்தான் அந்த நடை வரும்

6:06 கவிதா அக்கா: மாமாவுக்கு நேத்து சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. இது இருக்கும்

6:08 ராஜா சித்தப்பா: எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. கார் இன்ஜின் ஆஃப்லயே இருக்கணும். சிவப்பு கேபிள் முதல்ல, பிளஸ்ஸுக்கு பிளஸ். கறுப்பு ஒரு முனை கார் மைனஸ்ல, கடைசி முனை நம்ம வண்டியோட இன்ஜின் உலோகத்துல. பேட்டரி மேலயே கொடுத்தா பொறி பறக்கும். எடுக்கும்போது கறுப்பு முதல்ல. கார்த்தி அவசரத்துல சிவப்பைக் கறுப்புல வைக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன்

6:08 நான்: அதை குழுவுல சொல்லணுமா சித்தப்பா

6:09 அம்மா: நல்லா தட்டினீங்க தம்பி

6:12 ராஜா சித்தப்பா: 📷 படம்

6:12 ராஜா சித்தப்பா: சைடு பேனலைத் திறந்தா இது இருக்கு. தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா, பச்சை லைட்டு மினுக்குது. ஃப்யூஸ்கூட வைக்காம நேரா பேட்டரியில முறுக்கிவிட்டிருக்கான். யார் போட்ட வேலை இது

6:13 நான்: ஜி.பி.எஸ். டிராக்கர். தீபாவளி சமயத்துல ஒரு கடையில மாட்டினது

6:14 ராஜா சித்தப்பா: இதுதான் குடிச்சிருக்கு. சாவியை எடுத்தாலும் இது தூங்காது. ராத்திரி பகலா சொட்டுச் சொட்டா உறிஞ்சும். தினமும் ஆபீஸ் போய்வந்தா ஓட்டத்துல ஈடு ஆயிடும், தெரியாது. 22 நாள் நின்னா? பேட்டரிக்கும் மூணு வயசு ஆச்சு. உனக்கு எதுக்குடா டிராக்கர்

6:15 நான்: நான் கேக்கல சித்தப்பா

6:15 நான்: அம்மாதான்

6:17 கவிதா அக்கா: 🍿

6:19 அம்மா: ராத்திரி பதினொரு மணிக்கு சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு போன் எடுக்கலேன்னா நான் என்ன பண்றது. அதான் போடச் சொன்னேன். தப்பா

6:20 அம்மா: அவன் ஊர்ல இல்லாதப்பகூட தினம் ரெண்டு வேளை பார்ப்பேன். வண்டி பத்திரமா பேஸ்மென்ட்லயே இருக்குன்னு காட்டும். நிம்மதியா இருக்கும்

6:20 திவ்யா: அத்தை 😂😂😂

6:21 ராஜா சித்தப்பா: அண்ணி நகராத வண்டியை 22 நாள் காவல் காத்திருக்கீங்க. காவலுக்குச் சம்பளம் பேட்டரி

6:22 திருவொற்றியூர் மாமா: என் தங்கச்சி சின்ன வயசுலயே இப்படித்தான். கோழி முட்டை போடுதான்னு பத்து தடவை போய்ப் பார்ப்பா

6:24 ராஜா சித்தப்பா: கார்த்தி, இப்ப அதைக் கழட்டிட்டேன். ஒயரை டேப் சுத்தி வச்சிருக்கு. வேணும்னா ஜே.சி. ரோடு பக்கம் எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் இருக்கார், ஃப்யூஸ் வச்சு ஒழுங்காப் போடுவார். இனிமே ரெண்டு வாரத்துக்கு மேல ஊருக்குப் போனா மைனஸ் ஒயரைக் கழட்டிட்டுப் போ. பத்தாம் நம்பர் ஸ்பானர், ரெண்டு நிமிஷ வேலை. இப்ப ஐடில்ல விட்டுட்டு டீ குடிக்க நிக்காதே, அதுல ஏறாது. ஒரு மணி நேரம் ஓட்டு

6:25 நான்: சூரியன் வந்தாச்சே

6:25 ராஜா சித்தப்பா: சூரியனுக்கு பேட்டரி பிரச்சனை இல்ல. இட்லி சாப்பிடவாவது போ. நடுவுல எங்கயும் ஆஃப் பண்ணாதே. பண்ணினா திவ்யாதான் தள்ளணும்

6:26 திவ்யா: சின்ன மாமா நான் உங்க யெஸ்டியிலயே வர்றேனே. இதோட பின் சீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்தா எனக்கு ரெண்டு நாள் நடக்க முடியல. டிராஃபிக்ல நின்னா கால்ல சூடு வேற

6:27 ராஜா சித்தப்பா: வாம்மா. ஆனா 40-க்கு மேல போகமாட்டேன். மைசூர் ஃபேக்டரியை 1996-லயே மூடிட்டாங்க. இதுல ஒரு சாமான் உடைஞ்சா நான் ஊர் ஊரா தேடணும்

6:28 நான்: அப்ப நான் தனியாவா

6:28 திவ்யா: பின்னாலயே வாங்க. புகை இருக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க

6:29 அம்மா: மூணு பேரும் பார்த்துப் போங்க. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்க

8:05 கவிதா அக்கா: என்ன ஆச்சு, ஒரு சத்தத்தையும் காணோம்

8:11 நான்: 📷 படம்

8:11 நான்: தேவனஹள்ளி பக்கம் ஒரு தர்ஷினி ஹோட்டல். சித்தப்பா நாலாவது இட்லி. யெஸ்டியைச் சுத்தி ஏழு பேர் நிக்கறாங்க, செல்ஃபி எடுக்கறாங்க. என் வண்டியை ஒருத்தர் லேசாத் தள்ளி நிறுத்தச் சொன்னார், படத்துல குறுக்க வருதாம்

8:12 திருவொற்றியூர் மாமா: ஆஃப் பண்ணியா இல்லையா

8:12 நான்: பண்ணினேன். திரும்ப ஒரே அமுக்குல பிடிச்சுது 🙏

8:31 அம்மா: கார்த்தி. டிராக்கர்ல பார்த்தேன். வண்டி பேஸ்மென்ட்லயே நிக்கறதா காட்டுது. இன்னும் கிளம்பலையா?