புதுப்பிப்பு: காலை விறைப்பும் பள்ளிக்கூட அவசரமும்

முடக்குவாதத்தால் விடிந்து ஒரு மணி நேரம் விரல் மடங்காது, மகளைப் பசியாற வைத்து 7.30 மணிப் பள்ளிக்கு எப்படிக் கிளப்புவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்காமாருக்கு நன்றி.

4.45க்கே எழுந்து வெந்நீரில் கை வைத்தேன். இதம்தான், ஆனால் இரவு எட்டுக்கே கண் சொக்கியது. விட்டுவிட்டேன். கைகொடுத்தது, முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை ஞாயிறிலிருந்து வெள்ளி இரவுக்கு மாற்றியது (டாக்டரிடம் கேட்டுத்தான்). மாத்திரை போட்ட மறுநாள் வரும் அசதி இப்போது சனிக்கிழமையோடு போகிறது. அன்று சுங்கை சிப்புட் சந்தைக்கு வீட்டுக்காரர் போகட்டும்.

சடையை இரவே பின்னிவிடச் சொன்னீர்கள். எதிர்பாராதது அங்கேதான். மூன்றாம் நாள் மகள் சீப்பைப் பிடுங்கி, "நீங்க உக்காருங்கம்மா" என்று தானே பின்னிக்கொண்டாள். கோணல் வகிடு. ரிப்பன் முடிச்சு மட்டும் நான், பல்லால் இழுத்து.