பேட்டரி சேவர் ஆப் போட்டால் சார்ஜ் நிற்குமா?

படுவான்கரை விவசாயி:
வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குப் போகிற நாட்களில் பின்னேரமாகுமுன் போன் சார்ஜ் இறங்கிவிடுகிறது. மட்டக்களப்பு டவுனில் நின்றால் இரவு வரை தாங்கும். போன் ஆன்ட்ராய்ட் 11. பேட்டரி சேவர் ஆப் ஒன்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கல்லடிக்காரன்:
வேண்டாம் தம்பி. அந்த ஆப்கள் செய்வதாகச் சொல்கிற வேலையை போனே செய்கிறது. 2015இல் வந்த ஆன்ட்ராய்ட் 6இலிருந்து, திரை அணைந்து போன் சும்மா கிடந்தால் ஆப்களைத் தூங்கவைக்கும் டோஸ் என்ற வசதி உள்ளே இருக்கிறது. 2018இல் ஆன்ட்ராய்ட் 9 வந்தபோது, நாம் குறைவாகப் பாவிக்கிற ஆப்களைப் பார்த்து அடக்கும் வசதியும் சேர்ந்தது. டவுனில் தாங்குகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்போ குறை கவரேஜில். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் டவரை எட்டுவதற்குக் கூடுதல் சக்தியில் அலை அனுப்பும், விடாமல் தேடிக்கொண்டும் இருக்கும். அதை எந்த ஆப்பாலும் நிறுத்த முடியாது. வயலில் நிற்கும்போது டேட்டாவை நிறுத்தி, நெட்வொர்க்கை 2ஜிக்கு மாற்றிப் பாருங்கள். 2ஜி சிக்னல் நன்றாக இருந்தால் அழைப்பு வரும், சார்ஜும் நிற்கும்.

கல்முனை போன் கடை:
எல்லாருக்கும் அது சரிவராது. கடைக்கு வருகிற உம்மாமாருக்கு செட்டிங்ஸுக்குள் போகத் தெரியாது. 2 ஜிபி ராம் உள்ள பழைய போன், அதற்குள் நாற்பது ஆப். ஒரு பட்டனை அமத்தினால் எல்லாம் மூடும் என்றால் அது அவர்களுக்கு உதவிதானே? நான் போட்டுக் கொடுக்கிறேன், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

கல்லடிக்காரன்:
காக்கா, மூடிய வாட்ஸப்பைத் திரும்பத் திறக்கும்போது போன் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் சார்ஜ் கூடப் போகும். ஒரு பட்டன்தான் வேண்டுமென்றால் திரையை மேலிருந்து இழுத்தாலே பேட்டரி சேவர் இருக்கிறதே. இன்னொன்று, இந்த ஆப்களில் சில அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கின்றன. அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதை அந்த ஆப் வாசிக்கலாம். பேங்க் ஆப் வைத்திருக்கிற உம்மாவின் போனில் அதைப் போட்டுக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாழைச்சேனைப் படகு:
2ஜி, ஃப்ளைட் மோட் எல்லாம் கரையில் சரி. கரையை அண்டித் தொழில் செய்கிற எங்களுக்கு, வீட்டிலிருந்து காலநிலை எச்சரிக்கை சொல்லி அழைப்பு வந்தால் எடுக்க வேணும். கவரேஜ் முழுக்க அறுந்த பிறகுதான் நான் ஃப்ளைட் மோட் போடுவேன், அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். டார்க் மோட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

கல்லடிக்காரன்:
ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓலெட் திரை என்றால் மட்டும் டார்க் மோடில் பலன். பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தபோது 3 முதல் 9 சதவீதம் சக்திதான் மிச்சமானது. முழு வெளிச்சத்தில் 39 முதல் 47. ஆனால் நடுவெயிலில் கறுப்புத் திரையை வாசிப்பது கஷ்டம் அண்ணா. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரியும், மிச்சம் ஒன்றுமில்லை. அதைவிட போனை வெயில் படுகிற பலகையில் வைக்காதீர்கள். சூடுதான் லித்தியம் பேட்டரியை வேகமாகக் கிழடாக்குகிறது.

கல்முனை போன் கடை:
அக்சஸிபிலிட்டி கேட்கிற ஆப்பை நான் தொடுவதில்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் சில போனில் வாட்ஸப் செய்தி பிந்தி வருகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் எடுக்கிற கோல் விடுபட்டால் அந்த உம்மா என்னிடம்தான் வருவா.

கல்லடிக்காரன்:
வாட்ஸப்பின் பேட்டரி செட்டிங்கில் 'கட்டுப்பாடு இல்லை' என்று அதற்கு மட்டும் போட்டுக் கொடுங்கள் காக்கா. கடையில் வைத்தே ஒரு நிமிஷத்தில் முடியும்.