வெர்சன்ட் (இங்கிலீஷ் பேசுறதைக் கம்ப்யூட்டர்ல செக் பண்ற டெஸ்ட்) ரிப்பீட் பார்ட்ல மாட்டிக்கிறேன், வழி சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ் ஒரு ஹெல்ப். ஊர் திண்டுக்கல், பி.காம் 2024 பேட்ச், ஸ்கூல் தமிழ் மீடியம். சென்னையில வாய்ஸ் ப்ராசஸ் (கால் சென்டர்ல கஸ்டமர்கிட்ட ஃபோன்ல பேசுற) வேலைக்கு ட்ரை பண்றேன். ஹெச்.ஆர் ரவுண்ட்ல எதிர்ல ஆள் இருக்கிறதால தட்டுத்தடுமாறியாவது பேசிடுறேன், ஆனா வெர்சன்ட்ல கம்ப்யூட்டர்கிட்ட பேசணும்ல, அங்கதான் அவுட். வாசிக்கிற பார்ட் ஓகே. கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்றதுல சின்னது வந்துடுது, பத்து வார்த்தை தாண்டிச்சுன்னா முன்பாதி மட்டும்தான் ஞாபகம் நிக்குது. கதை கேட்டு திருப்பிச் சொல்றதுக்கு 30 செகண்ட் குடுக்குறாங்க, அதுலயும் பாதியிலயே வாயடைச்சுப் போயிடுது.

பிபிசியோட 6 நிமிஷ இங்கிலீஷ் ஆடியோ தினமும் கேக்குறேன், புரியுது, திருப்பிச் சொல்ல மட்டும் வரல. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிப் பாத்தேன், உச்சரிப்பு மோசமில்லன்னுதான் ஃப்ரெண்டும் சொல்றான். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸும் போனேன், அங்க கிராமர் நோட்ஸ் எழுத வச்சே அனுப்பிட்டாங்க (பேர்ல மட்டும்தான் ஸ்போக்கன்). ஹெட்செட்டும் மாத்தியாச்சு.

அடுத்த மாசம் மறுபடி டெஸ்ட். நீள வாக்கியத்தை ஒரு தடவை கேட்டு மண்டையில நிக்க வச்சு சொல்றதுக்கு, பாஸ் பண்ணவங்க எப்படி ப்ராக்டிஸ் பண்ணீங்க?