வளைகாப்பு அழைப்பிதழில் பரிசுப்பட்டியலின் இணைப்பைப் போடலாமா?

எடிசன் மருமகள்:
வேண்டிய பொருள்களைக் கடையின் இணையதளத்தில் குறித்து வைக்கும் பரிசுப்பட்டியலின் இணைப்பை வளைகாப்பு அழைப்பிதழின் அடியில் போடுவது அமெரிக்கர்களே முகம் சுளிக்கும் செயல் என்றும், நம்மவர்கள்தான் அதைக் கூச்சமின்றிச் செய்கிறார்கள் என்றும் மூத்தகுடி ஐயா சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். எனக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. அழைப்பிதழின் அடியில் இணைப்பு இருக்கிறது. அது ஐயாவின் வாட்ஸ்அப்புக்கும் போயிருக்கிறது. அவர் பொதுவாகத்தான் எழுதினார் என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி அல்ல. அழைப்பிதழில் பரிசைப் பற்றிப் பேசக்கூடாது என்பது இந்நாட்டில் திருமணத்துக்கு உரிய விதி. நம் வளைகாப்பைப் போல இங்கே பிள்ளை பிறக்கும் முன் நடத்தும் பேபி ஷவர் என்பதே பரிசளிப்பதற்காகக் கூடும் விருந்து என்பதால், பட்டியல் எங்கே இருக்கிறது என்று தெரிவிப்பதை அமெரிக்கர்களுக்கு நாகரிக விதிகளை நூலாக எழுதிய எமிலி போஸ்டின் வழிவந்தவர்களே ஏற்கிறார்கள்.

மூத்தகுடி:
இருபத்தெட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருப்பவனுக்கு ஷவர் என்றால் என்ன என்று விளக்கியதற்கு நன்றி. எமிலி போஸ்ட் மரபினர் சொல்வதை அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள். பட்டியல் விவரத்தை அழைப்பிதழோடு ஒரு தனித்தாளில் வைக்கலாம் என்பதே மரபு. அழைப்பிதழிலேயே அச்சிடலாம் என்பதன்று. 1924இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை மணப்பெண்களுக்காகப் பட்டியல் வைக்கத் தொடங்கியபோது, அது கடையில்தான் இருந்தது. கேட்டவருக்குச் சொன்னார்கள், கேளாதவர் முகத்துக்கு நேரே நீட்டவில்லை. தனித்தாள் என்பது அந்த நாகரிகத்தின் மிச்சம்.

ரெட்டைவால்:
வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்குத் தனித்தாள் எது என்று ஐயா விளக்கினால், நானும் என் பேத்தியின் காதுகுத்துக்குள் கற்றுக்கொள்வேன்.

மூத்தகுடி:
இரண்டாவது படமாக அனுப்பலாம். அதுவே தனித்தாள்.

பேராவூரணிக்காரன்:
எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மொய்விருந்து வைத்து, யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டில் வரிசையாகப் பதிந்து, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். கொடுப்பதையும் வாங்குவதையும் வெளிப்படையாகப் பேசுவது நமக்குப் புதிதன்று. அதை மறைக்கத் தனித்தாள் தேடும் நாகரிகத்தை ஐயா எந்தக் கப்பலில் இறக்குமதி செய்தார்?

மூத்தகுடி:
மொய் திரும்பிப் போகும் பணம். நீங்கள் எழுதியதை உங்கள் வீட்டு விசேஷத்தில் நான் கூட்டித் திருப்பி எழுதுவேன். இவர் பட்டியலில் இருக்கும் முந்நூறு டாலர் குழந்தைத் தள்ளுவண்டியை எந்த நோட்டில் ஏற்றுவீர்கள்? மேலும், நம் வீடுகளில் பிள்ளை பிறக்கும் முன் புதுத்துணி வாங்க மாட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணியைத்தான் உடுத்துவார்கள். யூதக் குடும்பங்களிலும் பிறப்புக்கு முன் பரிசு வாங்கத் தயங்கும் வழக்கம் உண்டு. அப்படியிருக்க, ஏழாம் மாதத்தில் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு மரபின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

எடிசன் மருமகள்:
மரபு பேசுவோம். ஷவரைத் தாயோ உடன்பிறந்தவளோ நடத்தினால், தம் வீட்டுக்குத் தாமே பரிசு கேட்பதாகும் என்று கருதி, அமெரிக்காவில் முன்பு தோழியர் நடத்தினார்கள். இப்போது அந்தத் தடை தளர்ந்துவிட்டது. நம் வளைகாப்பையோ பெரும்பாலும் தாய்வீடுதான் நடத்துகிறது. ஆகவே, ஐயாவின் அமெரிக்க விதிப்படி வளைகாப்பே தவறாகிவிடும். நான் பட்டியலில் 12 டாலர் பொருள்களையும் வைத்திருக்கிறேன். தள்ளுவண்டிக்குப் பலர் சேர்ந்து பங்கு போடும் வசதியும் செய்திருக்கிறேன். எதுவும் வாங்காமல் வந்து வளையல் அடுக்கிவிட்டுப் போகலாம் என்று அம்மா தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

மூத்தகுடி:
தொலைபேசியில் சொன்னது தொலைபேசியோடு போயிற்று. அச்சில் இருப்பது இணைப்புத்தான். தனித்தாள் என்றால் பிரச்சினையே இல்லை என்று மீண்டும் சொல்கிறேன்.

செவிலி:
பட்டியலைப் பார்க்காமல் வாங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன். சென்ற ஆண்டு என் தங்கையின் வளைகாப்புக்கு அவள் பட்டியலைப் பொருட்படுத்தாமல், ஒரு பெரியவர் தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத்திண்டைக் கொண்டுவந்தார். பச்சிளங்குழந்தையின் மூச்சை அடைக்கும் என்பதால், அத்தகைய திண்டுகளின் விற்பனையை 2022இல் கொண்டுவந்த கூட்டரசுச் சட்டம் தடைசெய்துவிட்டது. தூங்கும் பிள்ளையைச் சுற்றி மென்மையான எதுவும் வேண்டாம் என்பதே இங்குள்ள குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை. தங்கை அதைக் கொடுத்தவர் மனம் நோகாமல் ஒளித்து வைத்து, பிறகு குப்பையில் போட்டாள்.

மூத்தகுடி:
அந்தத் திண்டை வாங்கியது 2019இல்! அப்போது தடை ஏது? என் வீட்டு மாடியில் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்த பொருளைக் குப்பையில் போட்டதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ரெட்டைவால்:
செவிலி அம்மா பெயர் சொல்லவில்லையே, ஐயா. தாமாக எழுந்து நின்றீர்கள்.

பேராவூரணிக்காரன்:
மாடியில் மூன்றாண்டுக்கு மேல் கிடந்த பொருளைத் தூசி தட்டி வளைகாப்புக்குக் கொண்டுபோகிறவர், இணைப்பைப் பற்றி வகுப்பெடுக்கிறார். அதைத் தனித்தாளில் சுற்றிக் கொடுத்தீர்களா?

மூத்தகுடி:
பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். கோவில் அன்னதானக் கணக்கில் நான் கேள்வி கேட்டதிலிருந்து உங்களுக்கு என்மேல் இருக்கும் காய்ச்சல் எனக்குத் தெரியும். பரிசு என்பது கொடுப்பவரின் உள்ளம். அதைக் கடைச்சீட்டாக்கியது இந்தப் பட்டியல். யாரும் வாங்காமல் மிஞ்சியதைப் பெற்றோரே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைகள் ஆசைகாட்டுவதால்தான், தேவையற்றதையெல்லாம் சேர்த்துப் பட்டியலை நீட்டுகிறார்கள்.

எடிசன் மருமகள்:
அந்தத் தள்ளுபடியால் உங்களுக்கு என்ன நட்டம்? காரில் பிள்ளையை ஏற்ற அதற்குரிய இருக்கை சட்டப்படி வேண்டும். அந்த இருக்கைக்குக் காலாவதி நாளும் உண்டு. ஆகவேதான் எந்த இருக்கை என்று எழுதி வைத்தேன். பலரது மாடிகளில் எந்த ஆண்டுப் பொருள்கள் உறங்குகின்றன என்பதை இப்போது எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

மூத்தகுடி:
எழுதி வைத்ததை நான் குறை சொல்லவே இல்லை. எங்கே எழுதினீர்கள் என்பதுதான் கேள்வி. நான் வளைகாப்புக்கு வருவேன். கலந்த சாதமும் உண்பேன். ஆனால், அழைப்பிதழின் அடியில் இருக்கும் அந்த இணைப்பை அழுத்த மாட்டேன். இரண்டாவது படமாக வரட்டும், பார்க்கலாம்.

எடிசன் மருமகள்:
வராது.

ரெட்டைவால்:
நான் இப்போதுதான் இணைப்பை அழுத்திப் பார்த்தேன். 12 டாலர் பொருள்களையெல்லாம் யாரோ முந்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள். தள்ளுவண்டிதான் மிச்சம், பங்குக்கு யார் வருகிறீர்கள்?