முற்றத்து அரிகா பாமில் பழுப்புப் புள்ளி: என்ன மருந்து அடிக்கலாம்?

முற்றத்துக்காரி, கானாடுகாத்தான்:
வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு முற்றத்தைச் சுற்றி ஆறு தொட்டிகளில் அரிகா பாம் என்ற அழகுப் பனை வளர்க்கிறேன். ஐந்து வருஷத்துச் செடிகள், ஆளுயரம் இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நான்கு தொட்டிகளில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. மிளகளவு, சுற்றிலும் மஞ்சள் வளையம். சில இலைகளில் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து பாதி இலை கருகிவிட்டது. புது இலையையும் விடவில்லை. கார்பன்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கலந்து இரண்டு முறை அடித்தேன், நிற்கவில்லை. தூசி படியக் கூடாதென்று தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டி வருகிறேன். தை மாதம் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சாந்திக் கல்யாணம். பந்தலுக்கு வாடகைத் தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

தேவகோட்டை நர்சரி:
ஆச்சி, முதலில் அந்த சாயங்காலக் குளியலை நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க இலை ஈரமாக நின்றால் பூஞ்சண வித்து முளைக்க அதுவே போதும். ஒரு இலையில் விழுந்த தண்ணீர் தெறித்து அடுத்த இலைக்கும் வித்தைக் கொண்டுபோகும். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் விடுங்கள். தொட்டிகளை இலை உரசாத அளவு தள்ளி வையுங்கள்.

அரிகாவில் இலைப்புள்ளி பெரும்பாலும் பைபோலாரிஸ், எக்ஸெரோஹிலம் வகைப் பூஞ்சணங்களால் வரும். கார்பன்டசிம் அதற்குச் சரியாகக் கேட்காது. நிறைய கருகிய இலைகளை வெட்டி எரித்துவிட்டு, மேங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், மருந்து இலையில் ஒட்டி நிற்க ஒட்டு திரவம் சில சொட்டு சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. கையுறை, முகமூடி அவசியம். விழுந்த புள்ளி மறையாது. அடுத்து விரியும் இலை சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். தொட்டிகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அடிப்பது நல்லது, முற்றத் தரையின் ஆத்தங்குடிக் கல்லில் மருந்துக் கறை பிடித்துவிடும்.

பள்ளத்தூர் தோட்டக்காரன்:
ஒன்று கேட்கிறேன் ஆச்சி. அடியில் இருக்கும் பழைய இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவுகிற மாதிரி மஞ்சள், ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தால் அது நோயே இல்லை, சாம்பல் சத்துக் குறைவு. அதற்கு எந்த மருந்தும் கேட்காது. அந்த இலைகளை வெட்டவும் வேண்டாம். அவற்றிலிருக்கும் சத்தைத்தான் செடி எடுத்துப் புது இலைக்கு அனுப்புகிறது, வெட்டினால் பற்றாக்குறை மேலே ஏறும். நுனி மட்டும் காய்ந்தால் தண்ணீரில் உப்பு. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து அதையே விடுங்கள்.

முற்றத்துக்காரி, கானாடுகாத்தான்:
அண்ணே, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். நோயில்லை என்று நினைத்த மற்ற இரண்டு தொட்டிகளில்தான் அந்த ஆரஞ்சுப் பொட்டு இருக்கிறது! நல்லவேளை, இன்னும் கத்தரி வைக்கவில்லை. இன்னொரு பயம்: புள்ளி விழுந்த தொட்டி ஒன்றில், ஒரு தண்டின் விரியாத குருத்து பழுப்பாகத் தெரிகிறது.

தேவகோட்டை நர்சரி:
மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் குருத்தழுகல். தென்னையைக் கொல்கிற பைட்டோப்தோரா கிருமியாகவே இருக்கலாம். அந்தத் தண்டை அடியோடு எடுத்துவிட்டு, தொட்டியைத் தனியே ஒதுக்கி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து மற்றத் தண்டுகளின் குருத்திலும் மண்ணிலும் ஊற்றுங்கள். அரிகா கொத்தாக வளரும் ஜாதி, ஒரு தண்டு போனாலும் மற்றவை பிழைக்க வழியுண்டு. நோயை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மாவைத் தொட்டியில் விட நினைத்தால் இந்த மருந்துகளோடு கலக்காதீர்கள், இரண்டு வாரமாவது இடைவெளி கொடுங்கள்.

முற்றத்துக்காரி, கானாடுகாத்தான்:
இழுத்தேன், வரவில்லை. உறுதியாகத்தான் நிற்கிறது. மேல் ஓலை மட்டும் கருகியிருக்கிறது. நான்கு தொட்டிகளும் பின்கட்டுக்குப் போயாயிற்று. நாளைக் காலை மழை விட்டிருந்தால் முதல் மேங்கோசெப்.