மறு: மறு: ஸ்பார்ட்டா வீழ்ச்சி – ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது. 'ஒலிகாந்த்ரோப்பியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு (நேர்ப்பொருள்: ஆட்கள் குறைவாக இருத்தல்) இன்னும் தமிழ்ச் சொல் அமையவில்லை. பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா அழிந்ததே இதனால்தான் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

> 'ஆள் பற்றாக்குறை' போதுமே. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வயலில் பாடுபட ஹெலட்டுகள் என்ற பண்ணையடிமைகள் ஏராளமாக இருந்தார்கள். குறைந்தவர்கள் முழு உரிமையுள்ள குடிமக்கள். அதுவும் சாவால் மட்டும் அல்ல. குடிமக்கள் கூடி உண்ணும் பொதுப்பந்திக்கு ஒவ்வொருவரும் மாதாமாதம் வாற்கோதுமை, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் அளக்க வேண்டும். நிலம் சிலர் கையில் சேரச் சேர, அளக்க முடியாதவனுக்குப் பந்தியில் இடம் போனது. கூடவே குடியுரிமையும் போனது. ஆள் ஊரில்தான் இருக்கிறான், கணக்கில் இல்லை. கி.மு. 480இல் முழுக் குடிமக்கள் சுமார் 8000 பேர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கி.மு. 371இல் ஸ்பார்ட்டா தீப்ஸிடம் தோற்ற லியூக்ட்ராப் போர்க்களத்தில் நின்ற முழுக் குடிமக்கள் சுமார் 700, அவர்களில் மாண்டவர்கள் சுமார் 400. அந்த அடியிலிருந்து ஸ்பார்ட்டா எழவே இல்லை.

> குடியருகல். அருகு, அரிது, அருமை எல்லாம் ஒரே வேர். 'அருகிய வழக்கு' என்கிறோமே.

எனக்குப் பிடித்தது இதுதான். சிறுகச் சிறுகத் தேய்வது சொல்லிலேயே தெரிகிறது.

> 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோம். அருகு படர்வது ஐயா, தேய்வது அல்ல!

அது அருகம்புல். பெயர்ச்சொல் வேறு, வினை வேறு. இதற்கே ஒன்பது மடல் ஓடிவிட்டது, இத்தோடு நிறுத்துவோம்.

> 'குடி' என்றால் மாணவர் மதுவை நினைப்பார்கள். குறளின் குடிசெயல்வகையிலோ குடி என்பது குலம்.

குடியரசும் குடியுரிமையும் படிக்கிற பிள்ளை மதுவை நினைக்காது. குலம் என்ற பொருளும் இங்கே பொருந்தவே செய்கிறது. ஸ்பார்ட்டாவில் குடியுரிமை பிறப்பால் வந்தது; வெளியாரைச் சேர்ப்பது மிக அரிது. போன இடம் நிரம்பாததற்கு அதுவும் காரணம்.

சரி, எண்ணிப் பார்த்தேன். 'குடிக்குறைவு' ஆறு பேர், 'குடியருகல்' என்னோடு மூன்று, 'ஆள் பற்றாக்குறை' இரண்டு. பாடத்தில் 'குடிக்குறைவு' என்றே போடுகிறேன். மறுபதிப்பு வரும்போது குடியருகலுக்காக மறுபடி வாதாடுவேன்.

அப்புறம் இன்னொன்று. உரிமை இழந்தவர்களை 'ஹைபோமெயோனெஸ்' என்றார்கள். நேர்ப்பொருள் 'தாழ்ந்தோர்'. நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பாடத்தில் அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. திங்களுக்குள் வேறு ஒன்று சொல்லுங்கள்.