மறு: ‘எஜெக்‌ஷன் சார்ஜ்’ – மின்னூட்டம் வேண்டாம், மருந்து போதும்

> மாதிரி ராக்கெட் கையேட்டில் ‘எஜெக்‌ஷன் சார்ஜ்’ என்பதற்கு ‘வெளியேற்ற மின்னூட்டம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும்.

தம்பி, வணக்கம். அச்சுக்குப் போகுமுன் கேட்டீர்களே, நல்லது. அந்த இடத்தில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பேட்டரி, கம்பி, பொத்தான் எல்லாம் தரையோடு சரி. மேலே போவது அட்டைக்குழாய், இறக்கைகள், மூக்குக்கூம்பு, மடித்த பாராசூட், ஒரு மோட்டார், அவ்வளவுதான். இங்கே ‘சார்ஜ்’ என்பது, உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளுவதற்காக ஒரு தடவைக்கு அடைக்கிற வெடிமருந்து. மின்னியல் அகராதியைப் புரட்டினால் மின்னூட்டம்தான் வரும். பட்டாசுக்காரரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

பட்டாசுக்காரரைச் சும்மா இழுக்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கே அவர்கள் பட்டறையிலிருந்து வந்ததுதான். 1950களில் இதைத் தொடங்கிவைத்த ஆர்வில் கார்லைல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர், வாணவேடிக்கையில் பெரும்பித்து. சகோதரர் ராபர்ட் மாதிரி விமானம் பறக்கவிடுபவர். இரண்டு பித்தும் சேர்ந்து, மருந்தை ஆலையிலேயே அடைத்துத் தருகிற மோட்டாரும், பாராசூட்டில் இறங்கி மறுபடி பறக்கிற அட்டை ராக்கெட்டும் பிறந்தன. பின்னால் மோட்டார்களை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கிய வெர்ன் எஸ்டிஸின் குடும்பமும் பட்டாசுத் தொழிலில் இருந்ததுதான். ஆக, சொல்லுக்குச் சிவகாசிப் பக்கம் திரும்புவதில் தவறே இல்லை. அங்கே மருந்து கலப்பார்கள், மருந்து செலுத்துவார்கள். திரி, கருமருந்து, வெடியுப்பு என்று எல்லாவற்றுக்கும் பேர் இருக்கிறது. நாளிதழ்க்காரர்களும் அப்படியேதான் எழுதுகிறார்கள்.

இப்போது மோட்டாரின் வெட்டுப்படத்தைப் பாருங்கள் (படத்தை மட்டும், நிஜ மோட்டாரை யாரும் அறுக்கவோ நோண்டவோ கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்). 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், தடித்த காகிதக் குழாய். அடியில் களிமண்ணால் ஆன துளைவாய். அதற்கு மேல் இறுக்கி அடைத்த கருமருந்து. ராக்கெட்டை மேலே தூக்குவது இதுதான். அதற்கு மேல் மெதுவாக எரிகிற இன்னொரு அடுக்கு. இது தள்ளுவதில்லை, புகையை மட்டும் விட்டுக்கொண்டே எரியும். அந்தப் புகையை வைத்துத்தான் ராக்கெட் எங்கே போகிறது என்று தரையிலிருந்து கண்டுபிடிக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிட்டிகை தளர்வான மருந்து, அதன்மேல் மெல்லிய களிமண் மூடி. நம் வில்லங்கமே இந்தச் சிட்டிகையில்தான்.

மோட்டார்மேல் பி6-4 என்று எழுதியிருந்தால் மூன்று சேதி. ‘பி’ என்பது மொத்த உந்தத்தின் அளவு, 2.51 முதல் 5 நியூட்டன்-நொடி வரை. ‘6’ என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். ‘4’ என்பது தூக்குமருந்து எரிந்து முடிந்த பிறகு, நடு அடுக்கு மெதுவாக எரிந்து மேல் சிட்டிகை பற்றுவதற்கு ஆகும் நொடிகள். இந்த நான்கு நொடியில் ராக்கெட் விசை இல்லாமலே மேலேறி, உச்சிக்குப் பக்கத்தில் போய்விடும். அங்கே அந்தச் சிட்டிகை ‘டப்’பென்று எரிந்து, குழாய்க்குள் காற்றழுத்தத்தை ஏற்றி, மூக்குக்கூம்பைப் பிடுங்கிவிடும், பின்னாலேயே பாராசூட் வரும்.

குழுவில் வந்த மற்ற யோசனைகள்:

> உமிழ்வெடி

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘உமிழ்வு’ என்றால் இப்போது பிள்ளைகளுக்குக் கார்பன் உமிழ்வுதான். துளைவாய் வழியாகப் புகை போவதையும் உமிழ்வு என்றே எழுதவேண்டியிருக்கும். ‘வெடி’ என்ற சொல்லைப் பார்த்தால் பெற்றோர் பாதிப்பேர் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

> தள்ளுமருந்து

உந்துதலும் தள்ளுதலும் ஒன்றுதானே ஐயா? கீழ் அடுக்கு உந்துமருந்து, மேல் அடுக்கு தள்ளுமருந்து என்றால் தேர்வில் பிள்ளைகள் மாற்றித்தான் எழுதுவார்கள்.

> விரிப்பு மருந்து

பாராசூட்டை விரிப்பது காற்று. மருந்து அதை வெளியே போடுவதோடு சரி.

என் ஓட்டு ‘கழற்றுமருந்து’. மூக்குக்கூம்பைக் கழற்றுவதுதான் அதன் வேலை. பாராசூட் இல்லாத சின்ன ராக்கெட்டுகள் சிலவற்றில் இதே மருந்து காலி மோட்டாரைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். எடை மாறி ராக்கெட் குட்டிக்கரணம் போட்டு மெதுவாக இறங்கும். அங்கேயும் கழற்றுவதுதான் நடக்கிறது. சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது.

ஆக, கீழிருந்து மேலாக: உந்துமருந்து, தாமத மருந்து, கழற்றுமருந்து. ‘எரிபொருள்’ என்று எழுதாதீர்கள். கருமருந்தில் எரிகிற கரியும் கந்தகமும் இருக்கின்றன, எரியவைக்கிற வெடியுப்பும் இருக்கிறது. எரிபொருள் என்றால் பாதியைத்தான் சொன்னதாகும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘வாடிங்’ என்பதற்குக் ‘காப்புப் பஞ்சு’ என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பதிப்புவரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். அது பஞ்சே இல்லை. தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய மெல்லிய தாள். கழற்றுமருந்தின் சூடு பாராசூட்டைத் தொடாமலிருக்க நடுவில் தளர்வாகக் கசக்கி வைப்பது. பஞ்சு என்று படித்த பிள்ளை அம்மாவின் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துத் திணிக்கும். அது கொழுந்துவிட்டு எரிந்தபடி காய்ந்த புல்மேல் விழும். பாராசூட்டும் உருகிச் சுருண்டு, ஓரத்தில் கறுத்த பிளாஸ்டிக் முடிச்சாக வந்து சேரும். ‘அனல்காப்புத் தாள்’ என்று போடுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

அன்புடன்.

------

வணக்கம் அக்கா. கனடாவில இருந்து எழுதுறன்.

கழற்றுமருந்து நல்லாயிருக்கு. ஆனா ‘தாமத மருந்து’ எண்டு வாசிக்கேக்க ஏதோ பிந்தி வந்து சேர்ந்த மருந்து மாதிரிக் கிடக்கு. அது பிந்தேல்லையே, வேணுமெண்டுதானே நிக்குது? எங்கட வீடுகளில பிள்ளையளுக்குப் ‘பொறு, பொறு’ எண்டுதான் சொல்லுறம். ‘பொறுமருந்து’ எண்டு வைச்சா என்ன? உந்து, பொறு, கழற்று. மூண்டும் ஏவல். பிள்ளையள் ஒருக்கா கேட்டாலே பிடிச்சிடுவினம்.

------

அம்மா, தம்பி, இருவருக்கும் வணக்கம்.

மூன்றும் வினைத்தொகை; ஊறுகாய், சுடுசோறு போல. இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் ‘பொறுமருந்து’ என்பது சித்த மருத்துவப் பட்டியலில் வரும் பெயர்போல் ஒலிக்கிறது. சிறுவர் நூலில் ‘மருந்து’ என்று வந்தால் குடிக்கிற மருந்து என்று எண்ணமாட்டார்களா? ‘பொருள்’ என்று முடித்தால் என்ன? உந்துபொருள் முன்பே வழக்கில் உள்ள சொல்.

------

ஐயா, உந்துபொருள் வழக்கில் இருப்பது உண்மை. பெரிய ஏவூர்திகளைப் பற்றி எழுதும்போது நானும் அதைத்தான் எழுதுவேன். அங்கே திரவமும் உண்டு, வாயுவும் உண்டு. இங்கே மூன்று அடுக்கும் தூளை அடைத்ததுதான். அதோடு ‘பொறுபொருள்’ என்று சொல்லிப்பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

குழந்தை குழம்புமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீபாவளிக்கு ‘மருந்து கையில ஒட்டியிருக்கு, கழுவிட்டுச் சாப்பிடு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. வெளிநாட்டில் பிறந்து பட்டாசையே பார்க்காத பிள்ளைகளுக்காக முதல் தடவை வரும் இடத்தில் ‘கருமருந்து, அதாவது பட்டாசில் அடைக்கும் தூள்’ என்று ஒரு வரி போட்டுவிடலாம். இந்தியாவில் இருக்கும் ஆசிரியர்களும் இந்தக் கையேட்டைப் படிப்பார்கள் என்பதால் இன்னொரு வரி: அங்கே 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் வெடிமருந்து, வாணம், ராக்கெட் மூன்றையும் பெயர்சொல்லியே உள்ளடக்குகிறது. மருந்து என்று எழுதினால் அதைத் தொட உரிமம் வேண்டுமா என்ற கேள்வியாவது படிப்பவருக்கு எழும். ‘பொருள்’ என்றால் எழாது.

பொறுமருந்து எனக்குப் பிடித்துவிட்டது. கனடாத் தம்பிக்கு நன்றி. என் தாமதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கையேட்டுத் தம்பிக்கு: பொத்தானை அழுத்தியும் பற்றாமல் போனால் அதற்குத் தனிச்சொல் தேடி மெனக்கெட வேண்டாம், ‘பற்றவில்லை என்றால்’ என்று தலைப்புப் போட்டாலே போதும். விதி மட்டும் பிசகக்கூடாது: பொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவியை உருவு, 60 நொடி நில், பிறகுதான் கிட்டே போ. திரி அணைந்த சரவெடியைக் குனிந்து பார்க்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. ஏவும்போது குறைந்தது 15 அடி தள்ளி நிற்கவேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். டி வகைக்கு மேற்பட்ட மோட்டாருக்கு 30 அடி.

இன்னும் பாக்கி இருப்பது ‘லாஞ்ச் லக்’. குழாயின் பக்கவாட்டில் ஒட்டுகிற சின்ன உறிஞ்சுகுழல் மாதிரியான துண்டு. ராக்கெட்டை நேராக ஏறவைக்கிற ஏவுகம்பி அதற்குள்ளேதான் நுழையும். ஊசிக்குக் காது இருக்கிறபோது இதற்கும் ‘கம்பிக்காது’ என்று வைக்கலாமா? ஐயா சொல்லட்டும்.